பதினேழாம் எண் துளை

மாதத்தின் முதல் செவ்வாய்
லெனேஷியாவின் தெற்கு ஓரத்தில்
டாக்ஸிகள் திரும்பும் முனைக்குப் பின்னால்
துருவேறிய இரும்பு மூடியைத் திறந்து
நாடாவை இறக்குகிறேன்.
நுனியில் விரல்நீள உலோகம்,
தண்ணீரைத் தொட்டால் கீச்சென்று கத்தும்.
கத்தும் ஆழத்தை நோட்டில் எழுதவேண்டும்.
பதினோரு வருஷமாக
இதற்குத்தான் சம்பளம்.

கீழே ஏரியா இருக்கிறது என்பார்கள்.
ஏரி இல்லை, பாறை.
டாலமைட்.
வெளியே தலைநீட்டும் இடத்தில்
யானைத் தோல்போல் சுருங்கிக் கிடக்கும்.
மழை, வரும் வழியில்
காற்றிடம் கொஞ்சம் புளிப்பு வாங்கும்,
வேர் மண்டிய மண்ணிடம் இன்னும் கொஞ்சம்.
வாங்கியதோடு விரிசலில் இறங்கி
நக்கும்.
எறும்பு ஊரக் கல் தேயுமாம்.
இது பல்லில்லாத வாய்,
அவசரமும் இல்லை.
தேய்ந்த இடம் குகை,
குகை நிறையத் தண்ணீர்,
கரையாமல் மிஞ்சியது
காப்பித்தூள் மாதிரி ஒரு கறுப்புப் பொடி,
அள்ளினால் கனமே இருக்காது.
அதன்மேல்தான் எங்கள் தெரு,
முருகன் கோயில், இரண்டு பள்ளிக்கூடம்,
ரீகனின் சலூன்.

உள்ளே சுவர்களும் உண்டு.
எப்போதோ உருகி ஏறி
நெட்டுக்குத்தாக உறைந்த கருங்கல்.
நகர்ந்து வரும் தண்ணீர் அதில் முட்டி,
வழியில்லாமல் மேலேறி,
வெளியே வந்துவிடும்.
எனக்கு முன் இந்த வேலை பார்த்த கோபஸ்
அதை 'ஊஹ்' என்பார், கண் என்று அர்த்தம்.
எங்கள் பாஷையிலும் ஊற்றுக்குக் கண்தான் என்றேன்.
அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தது
அந்த ஒருமுறைதான்.

பழைய பதிவேட்டில் அவர் கோணல் எழுத்து:
பதினெட்டு மீட்டர். இருபத்தேழு. நாற்பது.
மேற்கே தங்கம் தோண்டியவர்களுக்கு
தண்ணீர் தொல்லை,
ராப்பகலாக இறைத்திருக்கிறார்கள்.
ஒரு பக்கத்தின் ஓரத்தில்
'பண்ணை ஊற்று, கண் மூடியது'
என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார்.

தண்ணீர் இருந்தவரை
கூரையைத் தோளில் வாங்கி நின்றது.
அது போன பிறகு கூரைக்குத் தெரியவில்லை,
வெகுநாள்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்:
சுவரோரம் செடிக்கு ஊற்றாதீர்கள்,
குழாய் கசிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.
"வறண்ட ஊரில் தண்ணி விடாதே என்று சொல்ல
ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறான்"
என்றார் தனபாலன் மூட்லி, ஹோஸைப் பிடித்தபடியே.
மூன்று மாதம் அவருக்குத் தண்ணீர் பில் எகிறியது.
நகராட்சியோடு சண்டைதான் போட்டார்,
குழாயை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

நாலாம் மாதம், விடியற்காலை,
பின்கட்டு இறங்கிவிட்டது.
சத்தம்கூடப் பெரிதில்லையாம்,
மூட்டையை லாரியிலிருந்து போட்டதுபோல.
துணிக்கொடி, சிமெண்டுத் தளம்,
கறிவேப்பிலை மரம், நாயின் தட்டு.
நாய் இல்லை, அது அடுப்படியில் இருந்தது.
லோகாம்பாள் விளிம்பில் நின்று
எண்ணிக்கொண்டிருந்தாள்,
"ஆறு சட்டை, ஒரு போர்வை, ஆறு சட்டை…"
மூட்லி என்னிடம்,
நாடாவை இதில் இறக்கேன் என்றார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
ஒன்பது மீட்டரில் மண் தட்டியது.
கத்தவில்லை.
எல்லோரும் கொஞ்சநேரம்
அந்தக் கத்தலுக்காகக் காத்திருந்தோம்.

போன வருஷம் சுரங்கத்தை மூடினார்கள்.
பம்புகள் நின்றன.
அறுபத்தொன்று, அறுபது, ஐம்பத்தெட்டரை.
திரும்பி வருகிறது, நல்லதுதானே
என்று கடைவாசலில் கேட்கிறார் மூட்லி.
தெரியவில்லை, அங்கிள்.
விட்டுப்போன வீடு அப்படியே இல்லை,
வருகிற தண்ணீரும் சுரங்கம் வழியாக வருகிறது,
துருவின் நிறத்தில்.
காய்ந்த பொடி மறுபடி நனைந்தால்
எந்தப் பக்கம் சாயுமோ.

இன்றைக்கு ஐம்பத்தாறு புள்ளி மூன்று.
கத்தியதை நான் கேட்டேன்,
ஆனாலும் கை
பழைய ஆழத்துக்கு
இறக்கிக்கொண்டே இருந்தது.